கட்டும் வீடும்

1

விடுதலையைப் பற்றி நம்மிடம் பேச்சு அதிகம். கட்டைப் பற்றி யோசனை குறைவு. சைவ சித்தாந்தி பசுவைப் பாசத்திலிருந்து அவிழ்க்கப் பார்க்கிறான். வேதாந்திக்குப் பந்தமே பொய். இருவரையும் கேலி செய்துகொண்டு எழுபதுகளில் எழுத வந்த எங்கள் தலைமுறையும் வேறொரு வழியாக அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஸார்த்தரையும் காம்யுவையும் அரைகுறையாகப் படித்துவிட்டு, குடும்பம், சாதி, ஊர், மண் எல்லாவற்றிலிருந்தும் கழன்று நிற்பவன்தான் மனிதன் என்று முடிவு செய்தோம். கழன்றவன் கவிதை எழுதினான். கழல முடியாதவன் சோளம் விதைத்தான். இரண்டாமவனைப் பற்றி முதலாமவன் எழுதிய கவிதைகளில் சில நன்றாகவே இருந்தன.

தமிழில் வீடு என்பது மோட்சத்துக்கும் பெயர், குடியிருக்கும் இடத்துக்கும் பெயர். கட்டு என்பது பந்தத்துக்கும் பெயர், வீட்டை எழுப்பும் காரியத்துக்கும் பெயர். இதை மொழியின் தற்செயல் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அரியலூர்ப் பக்கத்துக் கல் ஒன்றும், வயதான பிறகு பொறுமையாகப் படித்த பௌதிகப் புத்தகத்தில் இருந்த ஓர் எளிய உண்மையும் சேர்ந்து என்னை மறுபடி யோசிக்க வைத்தன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழம்பாட்டில் 'அணு' என்ற சொல்லைப் பார்த்ததும் ரூதர்ஃபோர்டுக்கு முன்பே நாம் எல்லாம் அறிந்திருந்தோம் என்று மேடையேறுபவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. அவர்களுக்கு அணுவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், பெருமை போதும். எனக்கு வேண்டியது அணு எப்படி நிற்கிறது என்ற ஸ்தூலமான விவரம். அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பிறகு.

2

அணுவின் நடுவே மிகச் சிறிய இடத்தில் அதன் கனம் முழுவதும் குவிந்திருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு 1911-ல் சொன்னார். அந்தக் கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற இடமெல்லாம் எலக்ட்ரான்களுடையது. கரு நேர்மின் உடையது, எலக்ட்ரான் எதிர்மின் உடையது. எனவே ஒன்றை ஒன்று இழுக்கின்றன. அதுவரை தெரிந்திருந்த பௌதிகத்தின்படி சுற்றிவரும் எலக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்து, விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கருவுக்குள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இந்த மேஜை இருக்கிறது, இதில் எழுதும் கை இருக்கிறது.

எலக்ட்ரானுக்குச் சில நிலைகள்தான் அனுமதிக்கப்பட்டவை, ஆகக் கீழான நிலைக்குக் கீழே நிலையே கிடையாது என்று 1913-ல் போர் சொன்னார். ஏன் என்பதற்கு அவரிடம் அப்போது பதில் இல்லை. இருபதுகளில் வந்த குவாண்டம் இயக்கவியல் பதில் சொன்னது. எலக்ட்ரானைச் சிறிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் துடிப்பு அதிகமாகிறது. கரு இழுக்கிறது, நெருக்கம் திமிறச் செய்கிறது. இழுப்பும் திமிறலும் ஈடுகட்டிக்கொள்ளும் அளவே அணுவின் அளவு. அதாவது கட்டுக்குள் ஓயாத ஒரு மறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. அந்த மறுப்பு இல்லாவிட்டால் கட்டும் நிற்காது, எல்லாம் கருவுக்குள் இடிந்து விழும்.

இனி, கட்டு என்பது என்ன? ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஓர் எலக்ட்ரான். அதைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அந்த எலக்ட்ரான் என்றைக்கோ கருவிடம் வந்து சேர்ந்தபோது அதே 13.6-ஐ ஒளியாக வெளியே விட்டுவிட்டுத்தான் சேர்ந்தது. எனவே சேர்ந்த அணுவின் நிறை, தனித்தனியாக இருந்த இரண்டின் மொத்த நிறையைவிடக் குறைவு: ஏறக்குறைய ஏழு கோடியில் ஒரு பங்கு. சேர்ந்தால் கூடும் என்று நினைக்கிறோம். இங்கே சேர்ந்தால் குறைகிறது. கட்டு என்றதும் கயிற்றை நினைக்கப் பழகியிருக்கிறோம். அணுவில் கயிறு எதுவும் இல்லை. பிரிந்து போகும் செலவுக்குக் கையில் காசு இல்லை, அவ்வளவுதான். கட்டு ஒரு கடன்.

இன்னொரு விவரம். ஒரு அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று பௌலி 1925-ல் சொன்னார். அதனால் பின்னால் வருபவை வெளியே வெளியே போய் அமர்கின்றன. கூடு மேல் கூடாக அணு வளர்கிறது. இந்த விலக்கு இல்லையென்றால் எல்லா எலக்ட்ரான்களும் அடிமட்டத்தில் குவிந்துவிடும். இரும்புக்கும் தங்கத்துக்கும் நாம் அறிந்த வித்தியாசம் இராது. பொருள் இடிந்துபோகாமல் இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பதற்கே இந்த விலக்குதான் ஆதாரம் என்பதை டைசனும் லெனார்டும் 1967-ல் கணிதமாக நிரூபித்தார்கள்.

இத்தனைக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் அச்சாக ஒன்று. ஒன்றுக்கும் மற்றதற்கும் அடையாள வித்தியாசம் எதுவும் கிடையாது. தனியே திரியும் எலக்ட்ரானைப் பார்த்து நீ இரும்பினுடையதா தங்கத்தினுடையதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஓர் அணுவில், ஒரு கூட்டில், ஓர் இடத்தில் அமர்ந்த பிறகுதான் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறது. உப்பின் கரிப்பு, துருவின் நிறம், சுண்ணாம்பின் சூடு எல்லாம் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அமர்ந்திருக்கும் விதத்தால் வருபவை. இதைப் படித்த அன்று எங்கள் தலைமுறையின் கழன்ற மனிதனை நினைத்துக்கொண்டேன். அவனுடைய தனித்தன்மையைப் பற்றி எவ்வளவு எழுதினோம்!

3

கல்லுக்கு வருகிறேன். பெரம்பலூர், அரியலூர் என்று இன்று இரண்டு மாவட்டங்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007-ல் திரும்பவும் பிரித்தார்கள். மேலே எவ்வளவு கோடு போட்டாலும் அடியில் ஒரே கடல்தான். பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. ஆறு கோடியே அறுபது லட்சம் வருஷங்களுக்கு முன்வரை, ஏறியும் இறங்கியும் இருந்தது. இந்தப் பக்கத்துக் கல்சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். பாறை அடுக்குகளை ஆராய்ந்து பிளான்ஃபோர்டு எழுதிய அறிக்கை 1862-ல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அவர் அடுக்குகளுக்கு வைத்த பெயர்களை உலகத்துப் புவியியல்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் என்ற பிராணியின் கல்லை நாங்கள் சின்ன வயதில் உழவு சாலில் பொறுக்கி, மாட்டை நோக்கி எறிந்திருக்கிறோம்.

பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டு சொன்னது. மரத்தின் சத்து கரைந்து போய் அந்த இடத்தில் சிலிக்கா வந்து உட்கார்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்தவை வேறு அணுக்கள். ஆனால் மரத்தின் ஒழுங்கு போகவில்லை. பொருள் போனாலும் இடம் நினைவு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சாட்சி நான் பார்த்ததில்லை.

சிப்பிகளின் கதை வேறு. சிப்பியும் அதிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்டு. கால்சியத்துக்கு 20 எலக்ட்ரான்கள். பதினெட்டு உள்ளே நெருக்கமாக இருக்கின்றன. இரண்டு மட்டும் வெளிக்கூட்டில், தளர்வாக. முதலாவதை எடுக்க 6.1 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதற்கு 11.9. மூன்றாவதை எடுக்கப் போனால் 50.9. இந்த மூன்று எண்களை நான் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்கக்கூடியதற்கும் கொடுக்க முடியாததற்கும் நடுவே இவ்வளவு துல்லியமான கோட்டை எந்த நீதி நூலும் போட்டுக் காட்டவில்லை.

கால்சியத்தைத் தாராளமான ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் இரண்டைக் கொடுக்கவும் 18 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. அதை ஈடுகட்டுவது எது? அண்மை. இரண்டை இழந்த கால்சியம் நேர்மின் உடையதாகிறது. ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் கார்பனேட்டுக் கூட்டம், அந்த இரண்டையும் ஏற்று எதிர்மின் உடையதாகிறது. பிறகு இவை ஒன்று விட்டு ஒன்றாக, வரிசை வரிசையாகப் பக்கத்தில் உட்காரும்போது இறங்கும் ஆற்றல், செலவானதைவிட அதிகம். கொடுத்தவனும் வாங்கியவனும் விலகிப் போகாமல் பக்கத்திலேயே இருப்பதால்தான் அந்தக் கொடை நட்டமாகவில்லை. அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது இதுதான், பல கோடி டன்.

4

சுண்ணாம்பைச் சுடுவது நமக்குப் புதிதல்ல. கிளிஞ்சலையோ கல்லையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, வெற்றிலைக்கும் சுவருக்கும் பூசினோம். சுடும்போது கரியமில வாயு போய்விடுகிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. காளவாய்க்கு வெட்டிய விறகைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் சுத்தமான வட்டம் அல்ல. ஆனாலும் அது ஊர் அளவில் நடந்த காரியம்.

டால்மியாபுரத்தில் 1939-ல் சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசின் தமிழ்நாடு சிமெண்ட் கழகத்து ஆலை 1979-ல் வந்தது. தனியார் ஆலைகளும் வந்தன. ஆலையின் சூளையில் சுண்ணாம்புக்கல் 900 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிச் சிதைகிறது. மண்ணோடு சேர்ந்து 1450 டிகிரியில் கிளிங்கர் ஆகிறது. அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேராது; இது கல்லுக்குள்ளேயே இருந்தது. நாளைக்கு வெயிலை வைத்தே சூளையை எரித்தாலும், பிடித்து அடைத்து வைத்தாலொழிய, இந்த 44 வெளியே போகத்தான் செய்யும். எரிபொருளின் புகையையும் சேர்த்துப் பார்த்தால், உலகம் வெளியே விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டினால் வருகிறது.

சூளையில் அவிழ்வது எது என்பதைக் கவனிக்க வேண்டும். கால்சியம் தான் கொடுத்த இரண்டு எலக்ட்ரான்களைத் திரும்பப் பெறுவதில்லை. கார்பனேட்டுக் கூட்டம்தான் உடைகிறது: கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு வாயுவாகக் கிளம்பிவிடுகிறது, மூன்றாவது ஆக்சிஜன், அந்த இரண்டு எலக்ட்ரான்களைச் சுமந்துகொண்டு, கால்சியத்தோடு நின்றுவிடுகிறது. கடலில், சிப்பியில், பாறையில், சூளையில், சுவரில், என் பல்லில் - எங்கே போனாலும் கால்சியம் அந்த இரண்டைக் கொடுத்துவிட்ட நிலையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வைப்பதென்றால் 1808-ல் டேவி செய்ததுபோல மின்சாரத்தைப் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும். மற்றபடி, கொடுத்தது கொடுத்ததுதான். மாறுவது பக்கத்தில் இருப்பவர் மட்டும்.

ஆக, வீடு கட்ட ஒரு கட்டு அவிழ வேண்டியிருக்கிறது. அவிழ்வதற்கு ஆற்றல் வேண்டும். அது சும்மா வராது. யாரோ, எங்கோ எரிய வேண்டும்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. மேலே பருத்தி, மல்லி, சோளம்; அடியில் கல். அப்பா போன பிறகு நான் சென்னையில் இருந்தேன். நிலத்தை இருபது வருஷத்துக்கு மேலாக வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவர் எனக்குச் சித்தப்பா முறை. தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆலைக்காக நிலம் வாங்க ஆட்கள் வந்தார்கள். எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. ஊரோடு இருந்த கடைசி ஒட்டும் போகட்டும் என்ற ஆசையும், ஒளிக்காமல் சொன்னால், இருந்தது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த நிலம்தான் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தவன் நான்.

பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சித்தப்பா. வெளியே வந்து டீ குடிக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நெலத்த வித்துட்ட, சரி. அது ஒன்னோடது. இருவது வருசம் அதுல குனிஞ்சி நிமிந்தனே, என்னைய எந்தக் கணக்குலப்பா சேத்த?"

"பாத்துச் செய்றேன் சித்தப்பா" என்றேன். செய்யவில்லை. கொஞ்சம் பணம் அனுப்பினேன்; அதைச் செய்ததாகச் சொல்ல முடியாது. அவர் சில காலம் லாரி நிற்கும் இடத்தில் ராக்காவல் இருந்தார். பிறகு நாலைந்து ஆடு வைத்திருந்தார். மேய்க்க நிலம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் வயல் இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். நான் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். அதன் கூரையில் எங்கள் வயல் கல் கொஞ்சம் இருந்தாலும் இருக்கலாம்.

என் விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. அதை நான் கொடுத்ததாகத்தான் அந்த எண்களைப் படிக்கும்வரை நினைத்திருந்தேன்.

5

இந்த இடத்தில் நண்பர்கள் மறுப்பார்கள், மறுக்க வேண்டும். எலக்ட்ரான் தேர்ந்தெடுப்பதில்லை, வருந்துவதில்லை. அணுவிலிருந்து அறத்தை எடுப்பது மேடைத் தமிழர் பழம்பாட்டிலிருந்து அணுவை எடுப்பதற்கு எந்த விதத்தில் மேல்? இன்னும் கடுமையான கேள்வி ஒன்றும் உண்டு. கட்டுதான் உலகத்தை நிறுத்துகிறது என்பது பண்ணையார்களின் பழைய வாதம். சாதியும் ஒரு கட்டு. கொத்தடிமையும் ஒரு கட்டு. சட்டம் போட்டு அதை ஒழிக்க 1976 வரை ஆனது. அவரவர் கூட்டில் அவரவர் இருக்க வேண்டும் என்று பௌலியைக் காட்டி ஒருவன் வருணாசிரமம் பேச மாட்டானா?

பேசுவான். அதனால்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று முதலில் சொன்னேன். கட்டு நல்லதா கெட்டதா என்று பௌதிகம் சொல்லவில்லை. சொல்ல அதற்கு வாயில்லை. அது ஒரு கணக்கை மட்டும் வைத்திருக்கிறது: எந்தக் கட்டும் சும்மா அவிழாது, அவிழ்ந்ததற்கான செலவு எங்காவது பதிவாகியிருக்கும். கொத்தடிமை அங்கே இருப்பது கயிற்றால் அல்ல, போக வழிச்செலவு இல்லாததால் என்பதை இந்தக் கணக்கு நன்றாகவே காட்டுகிறது. அவனை அவிழ்க்கும் செலவை அவனே கொடுக்க வேண்டும் என்பது அநியாயம். கட்டால் லாபம் அடைந்தவன் கொடுக்க வேண்டும். இந்த 'வேண்டும்' அணுவிலிருந்து வந்ததல்ல. நம்மிடமிருந்து வர வேண்டியது. ஆனால் கணக்கு கையில் இல்லாத 'வேண்டும்' வெறும் பேச்சு. விடுதலையைப் பற்றிய நம் தத்துவங்களில், பழையதிலும் புதியதிலும், நான் காணாதது இந்தக் கணக்குதான். விட்டவனின் ஆனந்தம் உண்டு. அவன் விட்டதால் யார் சுமந்தார்கள் என்ற பத்தி இல்லை.

மீண்டும் அந்த மூன்று எண்கள்: 6.1, 11.9, 50.9. எனக்கு அந்த நிலம் வெளிக்கூட்டில் இருந்தது. தளர்வாக, எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியதாக. விற்றேன், நான் நானாகவே இருந்தேன், கொஞ்சம் வசதியாகவும். சித்தப்பாவுக்கு அதே நிலம் மூன்றாவது எலக்ட்ரான். அதை எடுத்த பிறகு அவர் முன்பு இருந்தவராக இருக்கவில்லை. ஒரே மூன்று ஏக்கர். இரண்டு பேருக்கு இரண்டு ஆழம். பத்திரத்தில் அதற்கு ஒரே விலைதான் போட்டிருந்தது.

பற்றை விடு என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன், அந்தப் பற்று அவரிடம் எந்தக் கூட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்குத் தளர்ந்தது எல்லோருக்கும் தளர்ந்ததாகத் தோன்றுவது சுதந்திரமானவர்களுக்கு இயல்பாக வரும் குருட்டுத்தனம். எங்கள் கவிதைகளில் அது நிறைய இருக்கிறது, என்னுடையவற்றில் அதிகம்.

கான்கிரீட்டும் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்குகிறது என்கிறார்கள். சூளையில் விட்டதில் ஒரு பங்கு, பல பத்து வருஷங்களில். வெளியிலிருந்து உள்ளே, மில்லிமீட்டர் கணக்கில் அது நகர்கிறது. கம்பியை எட்டும்போது கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. என் வீட்டுப் பின்பக்கக் கூரையில் போன மழைக்குப் பிறகு காரை பெயர்ந்து, கம்பி சிவப்பாகத் தெரிகிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா இப்போது இல்லை. அவர் கேட்டதற்கு இது பதில் அல்ல. என் கணக்கில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆனது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.